துவைக்காத சட்டைகளும் துவைத்த ஒரு ஜிப்பாவும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சிரித்துவிட்டால் வலி குறைவு.

மேடையில் உடுத்திய துணி என்று நான் கேட்டு வாங்கிய முதல் பொருள், கோயில் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய நாதஸ்வர வித்துவானின் சரிகைத் துண்டு. சாமி ஊர்வலம் முழுக்க வாசித்துவிட்டு வந்தவர், முகத்தையும் கழுத்தையும் துடைத்து, "இந்தாங்க தம்பி, ஆசைப்பட்டுக் கேட்டீங்களே" என்று என் கையில் போட்டார். பிழிந்தால் ஒரு தம்ளர் சங்கீதம் சொட்டும், அப்படி ஒரு ஈரம்! ஈப்போவில் சிலிபின் பக்கம் இருந்த என் வீடு வரைக்கும் நான் சைக்கிளை மிதிக்கவில்லை, பறந்தேன். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? துவைத்தேன். சோப்புப் போட்டு அலசி, கஞ்சி வைத்து, இஸ்திரி போட்டு, முனைக்கு முனை பொருந்த மடித்து வைத்தேன். மறுநாள் கூட்டாளி ஒருவனிடம் பெருமையாக எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "நல்ல துண்டு மச்சான். எந்தக் கடையில எடுத்த?" என்றான்.

முழுத் தப்பும் என்னுடையது அல்ல. நான் சலவைக் கடையில் வேலை பார்த்தவன். அழுக்கைப் பார்த்தால் என் கை என்னைக் கேட்டுக்கொண்டு இயங்காது.

அப்படிப்பட்டவன் சேர்த்த துணிகளுக்குப் போன வாரம் ஈப்போ பழைய டவுனில் கண்காட்சி! கண்ணாடிப் பெட்டி என்ன, மஞ்சள் விளக்கு என்ன, தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் அட்டை என்ன! கக்கத்துக் கறைக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் கனவு கண்டதில்லை. என் மனைவி சரோஜா ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவிட்டு, "ஒங்க சட்டைய ஒரு நாளாச்சும் இப்படி மாட்டி வச்சிருக்கீங்களா? கட்டில்லதான கெடக்கும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

கண்காட்சியை நடத்துகிற இளைஞர்களுக்குத் தலைவி கவிதா. திறப்புக்கு முதல் நாள் அவள்தான் கேட்டாள்: "அங்கிள், எல்லாச் சட்டையும் மஞ்சளாப் போயி, கறையோட இருக்கு. நடுவுல இருக்குற வெள்ளை ஜிப்பா மட்டும் எப்படி பால் மாதிரி இருக்கு? இது ஒரிஜினல்தானா?" ஒரிஜினல்தானா! என் நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததுபோல் இருந்தது. "வாயில சொல்லாதீங்க, எழுதிக் குடுங்க, கண்காட்சி மலர்ல போட்டுருவோம்லா" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது ஈப்போவுக்கு வந்தேன். பால் வெட்டத் தெரிந்த கைக்கு டவுனில் என்ன வேலை? சலவைக் கடையில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் சட்டைக் காலர்களைச் சுட்டேன். பிறகு கையைச் சுட்டுக்கொண்டேன். அதன்பின் இரண்டும் நின்றுபோயின. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

கடை முதலாளி ஆ ஹோங் என்கிற சீனர். எங்களுக்கு அவர் தவுக்கே. அவரைப்போல ஒரு மூக்கை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. துணி வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். காலர், கக்கம், கை முனை, பாக்கெட், இந்த வரிசை ஒரு நாளும் மாறாது. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். பிறகு கடை அதிர மலாயில் அறிவிப்பார். "கிச்சாப்!" என்றால் சோயா சாஸ் கறை. "மின்யாக்!" என்றால் எண்ணெய். அதற்குத் தகுந்தபடி நான் எண் எழுதிய துணித் துண்டை ஊசியால் தைத்து, சரியான கூடையில் போடவேண்டும். யார் நிற்கிறார்கள், என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் தவுக்கேயிடம் கிடையாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் கோட்டை அவருடைய மனைவியே கொண்டுவந்தார். தவுக்கே மோந்தார். "லிப்ஸ்டிக்!" அந்த அம்மா உதட்டுச் சாயமே பூசாதவர். அதற்குப் பிறகு அந்தப் பெரிய மனிதர் வேறு சலவைக் கடைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் எங்களிடமே வந்துகொண்டிருந்தார்.

"துணி பொய் சொல்லாது. நாமும் சொல்லக் கூடாது" என்பதுதான் தவுக்கே கொள்கை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இந்தியாவிலிருந்து இசைக்குழுக்கள் வந்தால், மண்டபத்துக்கே ஆள் அனுப்பி உடுப்புத் தேய்த்துக் கொடுக்க எங்கள் கடையைத்தான் அழைப்பார்கள். பாட்டுப் பைத்தியம் நான்தான் என்பதால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன். அப்படித்தான் எனக்கு இந்த நோய் தொற்றியது. மேடைக்குப் போகும்போது என் கையால் கத்தி முனைபோல் மடிப்பு வைத்துக் கொடுத்த சட்டை, திரும்பி வரும்போது நனைந்து, கசங்கி, ஒரு பாட்டுக் கச்சேரியையே குடித்துவிட்டு வரும். அதைப் போய் யாராவது துவைப்பார்களா? (முதல் துண்டைப் பற்றி மறுபடி பேச வேண்டாம்.)

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பாடப் போகும் முன் கேட்கக் கூடாது. இறங்கி வந்த உடனேயும் கூடாது. முதல் கோப்பைச் சுடுநீர் இறங்கியதும், "எப்படி இருந்துச்சு?" என்று அவர்களாக நம்மைப் பார்த்துக் கேட்பார்கள். அதுதான் நேரம். வெறுங்கையோடு போகவும் கூடாது. அவர்கள் அளவில் புதுச் சட்டை ஒன்றைத் தேய்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். பொன்னாடையைத் தொடவே கூடாது. அது மேடையில் போர்த்தியது, உடுத்தியது அல்ல. வாங்கியதை நிழலில் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்ற வேண்டும். பூச்சி உருண்டை போட்டால் வாசனை போய்விடும். வாசனை என்று நான் சொல்கிறேன். சரோஜா வேறு சொல் வைத்திருக்கிறாள்.

இவ்வளவு முறை தெரிந்தவன், புகழ்பெற்ற ஆர்மோனியக் கலைஞர் என்று நினைத்து பஸ் டிரைவரின் சட்டையை வாங்கிவந்து பல வருஷம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டையும் கண்காட்சியில் இருக்கிறது. நல்ல டிரைவர்.

இனி ஜிப்பா கதைக்கு வருகிறேன்.

பாடகர் 'தேன்குரல்' குமரவேள் அப்போது இளைஞர். அவர் பாட்டு வானொலியில் வந்தால் என் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிடும். அடியில் இருக்கும் சட்டைதான் பாவம். அவர் ஈப்போவுக்கு வருகிறார் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடன் அவர் அக்கா மங்களமும் வந்திருந்தார். தம்பியின் தொண்டைக்கு அவர்தான் காவல். கையில் எப்போதும் ஒரு சுடுநீர் பிளாஸ்க். அதற்கு முன் பினாங்கில் தம்பி ஐஸ் தண்ணீர் குடித்துக் குரல் கம்மிப் போய், ஒரு கச்சேரியே கெட்டுப்போயிருந்தது. அன்றைக்கே அக்கா குழுவினர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம்: "இன்னொரு தடவ ஐஸ் பட்டுச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரலாம். பாட்டு போதும். மாமா மளிகைக் கடையில ஒக்காந்து பொட்டலம் கட்டு." சொன்னால் செய்கிற ஆள் என்று தபேலாக்காரர் என் காதில் கிசுகிசுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி. தோட்டத்து மக்கள் லாரிகளில் வந்து, இருட்டும் முன் திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படி வைப்பார்கள். மண்டபத்துக்குள் அடுப்பு வெக்கை. குமரவேள் கழுத்தில் தங்க இழை போட்ட வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் பாடினார். என்ன பாட்டு! என்ன வியர்வை! நான் திரைக்குப் பின்னால் நின்று இரண்டையும் ரசித்தேன்.

முடிந்ததும் அக்காவைப் பெண்கள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தம்பி பின்பக்கம் நழுவி என்னிடம் வந்தார்.

"அண்ணே, தொண்டை எரியுது. சில்லுன்னு ஏதாச்சும் கெடைக்குமா?"

கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஜிப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வாசல் வழியாக அவரை அழைத்துப்போனேன். மரத்தடியில் ஐஸ் காச்சாங் கடை. சீவிய ஐஸ் மலைபோல் குவிந்திருக்க, அதன் தலையில் சிவப்புச் சிரப்பு வழிய, அடியில் பயறும் ஜெல்லியும் ஒளிந்திருக்கும். முதல் கரண்டியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேடையில்கூட அப்படி லயித்ததை நான் பார்க்கவில்லை. ஒரு கிண்ணம் முடிந்தது. இரண்டாவது கிண்ணத்தில் அவசரம். கரண்டி சாய்ந்து, நெஞ்சில் நேராகச் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

"ஐயோ அண்ணே! அக்கா பாத்தா அவ்வளவுதான்!"

"கழட்டிக் குடுங்க தம்பி. நான் பாத்துக்கறேன்லா."

கேட்கும் முறையெல்லாம் காற்றில் போயிற்று. கேட்காமலேயே ஜிப்பா என் கையில்! புதுச் சட்டையை மாட்டிவிட்டு அவரை உள்ளே அனுப்பினேன். வீட்டுக்குக் கொண்டுபோய், என் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி சரோஜாவிடம் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒங்க வேர்வையே தாங்கல. இதுல விருந்தாளி வேறயா?"

மறுநாள் காலை எங்கள் கடை முன்னால் குழுவின் வேன் வந்து நின்றது. மேனேஜர் முதலில் குதித்தார். பின்னால் பிளாஸ்கோடு மங்களம் அக்கா. குமரவேள் வேன் ஜன்னலோரம் கழுத்தில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். அன்று மாலை கோலா கங்சாரில் கச்சேரி. அவருக்கோ குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது.

"யோவ்! நேத்து யாரக் கேட்டுய்யா சட்டைய எடுத்துட்டுப் போன?" என்றார் மேனேஜர். "வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் தொவைக்காத துணியா கேக்குறியாமே? எதுக்கு? யாருக்கு வைக்க?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முடி, நகம், வியர்வை பட்ட துணி. செய்வினை வைக்கிறவன் கேட்பதும் இதைத்தானே! இத்தனை காலமாக நான் பெரிய பெரிய கலைஞர்களிடம் போய்ச் சிரித்த முகத்தோடு, "அலசிறாதீங்கண்ணே, அப்படியே வேணும்" என்று போமோ, அதாவது மலாய் மந்திரவாதி, கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

"சேத்து வச்சிருக்குற எல்லாத்தையும் கொண்டாந்து இங்கயே கொளுத்தணும்" என்றார் மேனேஜர். "இல்லாட்டி ஊர் ஊராச் சொல்லுவேன். ஒரு குழு ஒங்க கடைப் பக்கம் வராது."

ஐஸ் காச்சாங் என்ற ஒரு சொல் போதும், நான் தப்பிக்கலாம். என் வேலை பிழைக்கும், என் துணிகள் பிழைக்கும். நான் வாயைத் திறந்தேன். வேன் ஜன்னலில் குமரவேள் இரண்டு கையையும் கூப்பினார். பிறகு ஒரு விரலால் வாயைப் பூட்டினார். பிறகு பொட்டலம் மடிப்பதுபோல் கையைக் காட்டினார். மளிகைக் கடை! வாயை அடக்கத் தெரியாதவன் நான். அன்றைக்கு அதை மூடினேன்.

மங்களம் அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அந்தச் சட்டையத் தொவைக்கணும்."

"ஆமா!" என்று மேனேஜர் பிடித்துக்கொண்டார். "நம்ம கண்ணு முன்னால தொவைக்கட்டும். தண்ணி பட்டா குரலுக்குப் போட்ட கட்டு அறுந்துரும். அப்புறம் கொளுத்துறதப் பேசிக்கலாம்."

வீட்டுக்கு ஓடி ஜிப்பாவைக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். கறையை நான் கையால் மறைத்துவிடுவேன். தவுக்கே மூக்கை எதைக்கொண்டு மறைப்பது? யார் கொண்டுவந்த துணியும் அவர் மூக்கைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போகும். "சிரப்!" என்று அவர் கத்தினால் எல்லாம் முடிந்தது.

தவுக்கே ஜிப்பாவை வாங்கினார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். நல்லவேளை, சிவப்புப் பொட்டு உள்ளே போயிற்று. காலர். கக்கம். கை முனை. பாக்கெட். கண்ணை மூடி மோந்தார். நெஞ்சுப் பக்கம் வந்ததும் மூக்கு நின்றது. கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வேனில் கும்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். பிளாஸ்கோடு நின்ற அக்காவைப் பார்த்தார். கடைச் சுவரெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுபோல் எனக்குத் தோன்றியது.

"பெலுஹ்" என்றார் தவுக்கே. வியர்வை!

வழக்கம்போலக் கத்தக்கூட இல்லை. முணுமுணுத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பாவம். துணியை என் கையில் போட்டுவிட்டு, இல்லாத ஈயை விரட்டப் போய்விட்டார்.

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் தொட்டியருகே நின்றேன். சிரப்புக் கறைக்குத் தேய்ப்பு ஆகாது, தேய்த்தால் பரவும். அடியில் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து, உள்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மெல்ல விட்டேன். சிவப்பு கீழ்த்துணிக்கு இறங்கும். துணியை மாற்ற வேண்டும். பிறகு வினிகர் கலந்த தண்ணீர், மறுபடி துணி மாற்றம். ஒத்தி எடுக்க வேண்டும், அவசரமே கூடாது.

"என்னய்யா ஒரே எடத்துலயே நிக்கிற?" என்றார் மேனேஜர்.

"நெஞ்சுப் பக்கம்ணே. பாட்டு அங்கேருந்துதான வருது, வேர்வை ஜாஸ்தி."

திடீரென்று என் தோளுக்குப் பின்னால் மங்களம் அக்கா குரல்: "சுடுதண்ணி வேணுமா?" பிளாஸ்க் மூடி திறந்திருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது.

"வேணாம்க்கா!" என்று அலறிவிட்டேன். சூடு பட்டால் சாயம் பட்டிலேயே தங்கிவிடும். அவர் மூடியைத் திருகிக்கொண்டார்.

சிவப்பு ரோஜாவாகி, ரோஜா வெளிறி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. பிறகுதான் முழு ஜிப்பாவையும் முக்கினேன். என் குமரவேளின் வியர்வை, அந்த மதியம் முழுக்கப் பாடிய பாட்டு, எல்லாம் தொட்டியில் கரைந்து சாக்கடைக்குப் போவதை நின்று பார்த்தேன். ஒரு சலவைக்காரன் அழுக்குக்காக அழுதது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அலசி, உதறி, கடை வாசலில் நிழலில் மாட்டினேன். மாட்டிவிட்டுக் கையை எடுத்தேன். வேனுக்குள்ளிருந்து கேட்டது:

"அக்கா! பசிக்குதுக்கா!"

கரகரத்தாலும் முழுக் குரல்! காலையிலிருந்து அக்கா புகட்டிய சுக்கும் மிளகும் அந்த நேரம் பார்த்துத்தானா வேலை செய்ய வேண்டும்? மேனேஜர் என்னைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். "பாத்தீங்களா! தண்ணி பட்டதும் கட்டு அறுந்துருச்சு! அப்ப இவன்தான்! இவனேதான்!"

செய்வினைக்காரன் இல்லை என்று நிரூபிக்கத்தான் துவைத்தேன். துவைத்ததே சாட்சியாகிவிட்டது!

ஆனால் கொளுத்தும் பேச்சு அதோடு நின்றது. என்னைச் சீண்ட யாருக்குத் தைரியம்? மங்களம் அக்கா ஜிப்பாவைக் காட்டி, "தொவைச்சாச்சுல்ல, நீயே வச்சுக்க" என்று வேனில் ஏறினார். அன்று மாலை கோலா கங்சாரில் குமரவேள் கொஞ்சம் கரகரப்பாகப் பாடியதைப் புதுப் பாணி என்று மக்கள் கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகுதான் என் பொற்காலம். மேனேஜர் சொன்னபடியே ஊர் ஊராகச் சொன்னார்: "ஈப்போவுல ஒரு சலவைக்காரன் இருக்கான். கேட்டா மரியாதையாக் குடுத்துருங்க. முறைப்படி குடுத்தா ஒண்ணும் பண்ண மாட்டான். திருட்டுத்தனமா எடுத்தாத்தான் ஆபத்து." வருகிற குழுவெல்லாம் நான் கேட்கும் முன்பே நீட்டின. சட்டை, கோட்டு, வேட்டி. பயந்த ஒருவர் காலுறையையும் சேர்த்துக் கொடுத்தார். போட்டிப் பாடகரின் குரலைக் கட்டிவிடச் சொல்லி ஒருவர் ரகசியமாக வந்தார். அவர் பேசுவதைக் கேட்டதும், அவருக்கு யாரோ முன்பே கட்டிவிட்டதாகத் தோன்றியது, அனுப்பிவிட்டேன். கவிதா, கண்காட்சியில் நீங்கள் வியந்து வியந்து பார்த்த துணிகளில் பாதி அன்பால் வந்தவை அல்ல. பயத்தால் வந்தவை.

கண்காட்சித் திறப்புக்குக் குமரவேளே வந்திருந்தார்! நரைத்துவிட்டார், குரல் நரைக்கவில்லை. கூடவே கைத்தடியூன்றி மங்களம் அக்கா, தோளில் பிளாஸ்க். ஜிப்பா முன்னால் நின்றதும் தம்பி என் காதில், "அக்காகிட்டச் சொல்லிருங்க அண்ணே. இப்ப மளிகைக் கடையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் படமெடுக்க வந்த கூட்டத்துக்குள் தப்பித்துக்கொண்டார்.

இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு! இத்தனை வருஷம் அடக்கி வைத்த வாய்! மரத்தடிக் கடையில் ஆரம்பித்தேன். இரண்டு கிண்ணத்தையும் கையால் காட்டினேன். சிரப்பு சொட்டியது, தம்பி கும்பிட்டது, தவுக்கே மூக்கு நின்றது, சிவப்பு ரோஜாவாகி மறைந்தது என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். சுற்றி நின்ற கவிதா கூட்டம் கைதட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு, வெற்றிப் பெருமையோடு கேட்டேன்: "இத்தன வருஷமா ஒங்க கண்ணுல மண்ணத் தூவியிருக்கோமேக்கா, ஒங்களுக்குத் தெரியவே தெரியாதுல்ல?"

மங்களம் அக்கா பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகினார்.

"ஐஸ் தின்னது அன்னைக்கே தெரியும். சட்டை நாறுச்சு, தொவைக்கச் சொன்னேன்."